மெக்சிகோவில் மாக்சிமிலியன் பிழைத்திருந்தால்? இரவல் படையில் நின்ற ஒரு சிம்மாசனத்தின் கணக்கு

நோவாரா என்ற ஆஸ்திரியப் போர்க்கப்பல் 1858 தொடக்கத்தில் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. உலகைச் சுற்றி வரும் அறிவியல் பயணம் அது. சென்னையில் அப்போது துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும்; ஆட்களும் மூட்டைகளும் மசூலாப் படகுகளில் அலையோடு மல்லுக்கட்டித்தான் கரை சேர வேண்டும். நோவாராவில் வந்த விஞ்ஞானிகள் சென்னையைப் பார்த்துவிட்டு நிக்கோபார் தீவுகளுக்குப் போனார்கள். இந்தப் பயணத்துக்கு முன்கை எடுத்தவர் ஆஸ்திரியக் கடற்படையின் தலைமைத் தளபதி, பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் தம்பி. அப்போது அவருக்கு வயது 25. பெயர் மாக்சிமிலியன்.

ஆறு ஆண்டு கழித்து, 1864 மே மாதக் கடைசியில், அதே கப்பல் அவரையும் மனைவி கார்லோட்டாவையும் மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கியது, அந்த நாட்டின் பேரரசராகவும் பேரரசியாகவும். 1867 நவம்பரில் மறுபடியும் நோவாரா வெராக்ரூஸிலிருந்து கிளம்பியபோது மாக்சிமிலியனின் உடல் பெட்டிக்குள் இருந்தது. ஜூன் 19 அன்று கேரெத்தாரோ நகருக்கு வெளியே ஒரு குன்றின் மேல், மிராமோன், மெஹியா என்ற இரண்டு தளபதிகளோடு சேர்த்து நிறுத்தி மெக்சிகோக் குடியரசின் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். சாகும்போது வயது 34.

இந்த அரசு பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி மாற்று வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பழக்கமானது. வழக்கமான பதிலும் எல்லோருக்கும் தெரியும்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் ஜெயித்திருந்தால் வாஷிங்டன் மெக்சிகோ பக்கம் திரும்பியிருக்காது, மாக்சிமிலியன் நிம்மதியாக ஆண்டிருப்பார். எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. அந்த ஆட்சியின் வரவு செலவையும் ராணுவத்தையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால், அமெரிக்கா தலையிடாமல் இருந்திருந்தாலும் அது தன் பாரத்தாலேயே சரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பிழைப்பதற்கு ஒரு வழி இருந்தது. அது மிகக் குறுகலானது. தென் மாநிலங்களின் போர்க்களம் வழியாகப் போகாதது.

முதலில் இந்தச் சிம்மாசனம் எப்படி முளைத்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவில் 1858 முதல் 1861 வரை தாராளவாதிகளுக்கும் பழமைவாதிகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர். தேவாலயச் சொத்துகளை அரசுடைமையாக்குவதா, மத சுதந்திரம் தருவதா என்பதெல்லாம்தான் சண்டை. சபோடெக் பழங்குடியில் பிறந்து வழக்கறிஞராகி, நாட்டின் தலைவராக உயர்ந்த பெனிட்டோ ஹுவாரெஸின் தாராளவாதத் தரப்பு ஜெயித்தது. ஆனால் கஜானாவில் காசில்லை. 1861 ஜூலையில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். கடனை வசூலிக்க பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து கப்பல்களை அனுப்பின. பிரிட்டனும் ஸ்பெயினும் பேசி முடித்துக்கொண்டு திரும்பிவிட்டன. பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன் திரும்பவில்லை. அவருக்கு அங்கே தனக்குச் சாதகமான ஒரு கத்தோலிக்க முடியாட்சி வேண்டும். உள்நாட்டுப் போரில் தோற்ற மெக்சிகோப் பழமைவாதிகள் ஏற்கெனவே ஐரோப்பாவில் ஒரு இளவரசரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1862 மே 5 அன்று புவேப்லாவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அடுத்த ஆண்டு பெரிய படையோடு வந்து புவேப்லாவையும் தலைநகரையும் பிடித்தது. அப்புறம் பிரமுகர்கள் சபை ஒன்றைக் கூட்டி மாக்சிமிலியனுக்கு மகுடம் தருவதாகத் தீர்மானம் போட்டார்கள். மக்கள் விருப்பம் தெரியாமல் வரமாட்டேன் என்றார் அவர். உடனே பிரெஞ்சுப் படை பிடித்திருந்த ஊர்களில் ஆதரவுக் கையெழுத்துகள் வாங்கி, நாடே உங்களை அழைக்கிறது என்று காட்டினார்கள். துப்பாக்கி நிழலில் வாங்கிய கையெழுத்து எவ்வளவு தாங்கும் என்பதை அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 1864 ஏப்ரல் 10 அன்று, டிரியெஸ்டே அருகே கடலோரத்தில் தான் கட்டியிருந்த மிராமார் மாளிகையில் மகுடத்தை ஏற்றுக்கொண்டார்.

அதே நாளில் அங்கே கையெழுத்தான மிராமார் ஒப்பந்தத்தில்தான் இந்த ஆட்சியின் தலையெழுத்து இருக்கிறது. பிரெஞ்சுப் படை மெக்சிகோவைப் பிடிக்க அதுவரை செலவழித்ததாக 27 கோடி பிராங்க் கணக்கு. அதை மெக்சிகோ கட்ட வேண்டும். அதில் 5.4 கோடியும், பிரெஞ்சுக் குடிமக்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்காக 1.2 கோடியுமாக 6.6 கோடி உடனே கடன் பத்திரங்களாக, மீதி ஆண்டுக்கு 2.5 கோடி வீதம். இது போக, 1864 ஜூலைக்குப் பிறகு மெக்சிகோவில் இருக்கும் ஒவ்வொரு பிரெஞ்சுச் சிப்பாய்க்கும் ஆண்டுக்கு 1,000 பிராங்க். படை படிப்படியாகக் குறைக்கப்படும்: 1865இல் 28,000 பேர், 1866இல் 25,000, 1867இல் 20,000. அவர்களும் போனபின் 8,000 பேர் கொண்ட அயல்நாட்டவர் படைப்பிரிவு மட்டும் ஆறு ஆண்டு தங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28,000 பேர் என்றாலே ஆண்டுக்கு 2.8 கோடி பிராங்க். பழைய பாக்கித் தவணையோடு சேர்த்தால் 5 கோடிக்கு மேல். இதற்கு மேல் பிரிட்டிஷ் கடன்காரர்களின் வட்டி, சொந்த ராணுவம், அரண்மனை, நிர்வாகம். கடன் தவணை கட்ட முடியாமல் கையை விரித்த ஒரு நாட்டின் தலையில், அதைப் படையெடுத்துப் பிடித்த செலவையும் சேர்த்து ஏற்றினார்கள். பணத்துக்காகப் பாரிஸில் 1864இலும் 1865இலும் கடன் பத்திரங்கள் விற்றார்கள். முகமதிப்பில் பெரிய கழிவு, தரகு, முன்கூட்டியே பிடித்துக்கொண்ட வட்டி எல்லாம் போக மெக்சிகோவின் கைக்கு வந்தது கொஞ்சம்தான். பத்து வட்டிக்கு வாங்கி அதிலேயே முதல் மாத வட்டியைக் கழித்துக் கொடுக்கும் கந்துவட்டிக் கடையை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இது விளங்கிவிடும்.

மெக்சிகோவுக்குப் போன கப்பல் பயணத்தில் ஒரு காட்சி என் மனதை விட்டுப் போகவே இல்லை. அட்லாண்டிக்கைக் கடந்த அந்த ஆறு வாரத்தில் மாக்சிமிலியன் மும்முரமாக உட்கார்ந்து எழுதியது அரசவை மரபு விதிகளை: விருந்தில் யார் எங்கே நிற்பது, யார் எந்த உடை உடுத்துவது என்று நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் போகும் கையேடு. சுங்க வருமானம் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு அடகு என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும், கப்பலைத் திருப்பச் சொல்லியிருப்பார். வெராக்ரூஸில் இறங்கியபோது தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. மஞ்சள் காய்ச்சல் பரவும் பருவம். ஊரும் தாராளவாதிகளின் ஊர். தலைநகரில் வரவேற்பு பலமாக இருந்தது. ஆனால் அரண்மனையில் முதல் இரவு மூட்டைப்பூச்சி தாங்காமல் அவர் பில்லியர்ட்ஸ் மேசையின் மேல் படுத்தார் என்று சொல்வார்கள்.

அவரைக் கெட்ட மனிதராகவோ வெறும் அலங்கார பொம்மையாகவோ காட்டுவது நியாயமில்லை. மெக்சிகோ மேல் அவருக்கு உண்மையான பாசம் பிறந்தது. பிரான்ஸ் ஆசைப்பட்ட சொனோரா மாகாண வெள்ளிச் சுரங்கங்களைத் தர மறுத்தார். தேவாலயச் சொத்துகளைத் திருப்பித் தருவார் என்று நம்பித்தான் பழமைவாதிகள் அவரை அழைத்தார்கள். அவரோ ஹுவாரெஸின் சீர்திருத்தச் சட்டங்களைத் தொடவில்லை. 1864 டிசம்பரில் போப்பின் தூதர் மெக்லியா வந்து எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொன்னபோது மறுத்துவிட்டார். அமைச்சரவையில் மிதவாத தாராளவாதிகளைச் சேர்த்துக்கொண்டார். ஹுவாரெஸுக்கே கடிதம் எழுதிக் கூப்பிட்டார். ஹுவாரெஸ் வர மறுத்தார்.

பழங்குடி மக்களின் குறைகளைக் கேட்க 1865இல் ஒரு குழு அமைத்தார். அதற்குத் தலைவர் நவாட்ல் மொழி அறிஞர் ஃபவுஸ்டினோ சிமல்போபோகா. பண்ணைக் கூலிகளுக்கு வேலை நேர வரம்பு, சவுக்கடிக்குத் தடை, கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதற்குக் கட்டுப்பாடு என்று அந்த ஆண்டு நவம்பரில் ஆணை வந்தது. அடுத்த ஆண்டு கிராமங்களுக்குப் பொது நிலம் தரும் சட்டம். இந்த ஆணைகள் சில ஸ்பானிய மொழியோடு நவாட்ல் மொழியிலும் அச்சாகி ஊர்ச் சுவர்களில் ஏறின. கிராமத்துக்காரர் ஒருவர் தன் வீட்டில் பேசும் மொழியில் அரசாணையைப் படிக்கக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டுகளாகியும் அந்த மொழியில் கிராமத்தோடு பேச வேண்டும் என்ற அக்கறை தலைநகரில் பெரிதாக இருந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு அது தோன்றியது.

ஆனால் அந்த ஆணையை அமல்படுத்தப் போகிறவர் யார்? பண்ணையார்கள். அவர்கள்தான் ஆட்சியின் ஆதரவாளர்கள். எனவே ஆணை சுவரோடு நின்றது. இதனால் நடந்தது என்னவென்றால், அழைத்து வந்த தேவாலயமும் பழமைவாதிகளும் அவரை விட்டு விலகினார்கள். தாராளவாதிகளுக்கோ அவர் அந்நியப் படை கொண்டுவந்த ஆள்தான். கொள்கைக்காகப் பழைய ஆதரவை இழந்தது சரி. அதற்கு ஈடாகப் புதிய ஆதரவைக் கட்ட நேரமும் பணமும் வேண்டும். இரண்டுமே பிரான்ஸின் கையில் இருந்தன.

ராணுவத்துக்கு வருவோம். அவருடைய ஆகப் பெரிய தவறு இங்கேதான் என்பது என் எண்ணம். 1864, 1865 ஆண்டுகளில் மெக்சிகோவில் பிரெஞ்சுப் படை, அயல்நாட்டவர் படைப்பிரிவு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரியத் தொண்டர்கள், கார்லோட்டாவின் தாய்நாடான பெல்ஜியத்திலிருந்து வந்தவர்கள், எகிப்தின் ஆட்சியாளர் அனுப்பி வைத்த 447 பேர் கொண்ட சூடானியப் பட்டாளம், இவர்களோடு மெக்சிகோத் துணைப்படைகள் எல்லாம் இருந்தன. இத்தனை மொழியில் கட்டளை. ஆஸ்திரியத் தளபதிக்கும் பிரெஞ்சுத் தளபதிக்கும் ஓயாத உரசல். எல்லாவற்றுக்கும் மேலே பிரெஞ்சு மார்ஷல் பசேன். பேரரசரின் உத்தரவை விட பாரிஸிலிருந்து வரும் உத்தரவே அவருக்குப் பெரிது. அவருடைய கல்யாணத்துக்கு மாக்சிமிலியன் ஒரு மாளிகையையே பரிசாகக் கொடுத்தார். அதனால் அதிகாரம் கைமாறிவிடவில்லை.

இதற்கிடையே, மெக்சிகோ மண்ணில் படை திரட்டத் தெரிந்த இரண்டு பழமைவாதத் தளபதிகளை அவர் 1864 கடைசியில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். மிராமோனைப் பீரங்கிக் கலை படிக்க பெர்லினுக்கு; மார்க்கேஸைத் தூதராக கான்ஸ்டாண்டிநோபிளுக்கு. தாராளவாதிகளை இழுக்க அவர்கள் இடைஞ்சல் என்று நினைத்தார். ஒட்டோமி பழங்குடியில் பிறந்த தோமாஸ் மெஹியா தன் மலைப்பகுதி மக்களின் விசுவாசத்தால் மட்டும் ஒரு படையை வைத்திருந்தார். அவரை மாதிரிப் பத்துப் பேரை வளர்க்கும் திட்டம் யாரிடமும் இல்லை. தாராளவாதத் தளபதி லோபெஸ் உராகா பேரரசர் பக்கம் வந்தார். ஆக, ஆள் வரமாட்டார்கள் என்பதில்லை. வந்தவர்களுக்குச் சம்பளமும் துப்பாக்கியும் கட்டளை அதிகாரமும் தர ஒரு நிரந்தர ஏற்பாடு இல்லை.

1865 அக்டோபர் 3 அன்று இன்னொரு கையெழுத்து. ஆயுதத்தோடு பிடிபடும் எவரையும் 24 மணி நேரத்துக்குள் சுட்டுவிடலாம் என்ற ஆணை. ஹுவாரெஸ் நாட்டை விட்டே ஓடிவிட்டார், இனி எதிர்ப்பது வெறும் கொள்ளைக் கும்பல் என்ற பொய்ச் செய்தியை நம்பிப் போட்டது. ஹுவாரெஸ் ஓடவில்லை. அமெரிக்க எல்லையோர ஊரான பாசோ தெல் நோர்த்தேயில்தான் இருந்தார். இன்று அந்த ஊரே அவர் பெயரில் சியுதாத் ஹுவாரெஸ் என்று இருக்கிறது. அந்த ஆணையால் மிதவாதிகளின் மனமும் முறிந்தது. இரண்டு ஆண்டு கழித்து கேரெத்தாரோவில் மாக்சிமிலியன் மேல் சுமத்திய குற்றங்களில் இந்த ஆணையும் இருந்தது.

இப்போது வாஷிங்டன். 1865 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் முடிந்ததும் வட மாநிலங்களின் தலைமைத் தளபதி ஜெனரல் கிராண்ட், தளபதி ஷெரிடனை சுமார் 50,000 படையோடு டெக்சாஸ் எல்லைக்கு அனுப்பினார். எல்லையோரம் துப்பாக்கிகள் “கைவிடப்பட்டு” ஹுவாரெஸின் ஆட்களுக்குக் கிடைத்தன. இவையெல்லாம் உண்மை. ஆனால் வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவர்ட் போரை விரும்பவில்லை. பாரிஸை மெல்ல மெல்ல நெருக்கினார். ஒரு விஷயத்தை மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்: அமெரிக்காவுக்கு முடியாட்சி என்ற பெயரே ஆகாது என்பது சரியில்லை. 1822இல் மெக்சிகோவின் முதல் பேரரசர் இதுர்பிதேயின் தூதரை வாஷிங்டன் வரவேற்று அங்கீகரித்தது. 1824இல் பிரேசில் பேரரசையும் அங்கீகரித்தது. அந்தப் பிரேசிலை மாக்சிமிலியன் காலத்தில் ஆண்டவர் அவருடைய சொந்த அத்தை மகன் இரண்டாம் பெட்ரோ. அமெரிக்காவின் கோபம் எல்லையில் நின்ற ஐரோப்பியப் படை மேல். படை போய், அரசு தன் காலில் நின்றிருந்தால், சீவர்ட் கொஞ்சம் முனகிவிட்டு ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும்.

தென் மாநிலங்கள் ஜெயித்திருந்தால்? மெக்சிகோவுக்கு வடக்கே நிலப்பசியுள்ள ஓர் அடிமை நாடு உட்கார்ந்திருக்கும். 1848இல் பாதி நாட்டை அமெரிக்காவிடம் இழந்த மெக்சிகோவுக்கு அது நல்ல அண்டை வீடு இல்லை. 2.5 கோடித் தவணையும் அப்படியேதான் இருந்திருக்கும்.

இதைவிடப் பெரிய தடை 1870. அந்த ஆண்டு செடானில் மூன்றாம் நெப்போலியன் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டார். அவருடைய பேரரசு முடிந்தது. மெட்ஸ் கோட்டையில் பெரும் படையோடு சரணடைந்தவர், மெக்சிகோவில் இருந்த அதே பசேன். பிரஷ்யாவின் நிழல் 1866 ஜூலையில், அது ஆஸ்திரியாவைத் தோற்கடித்த சாதோவாப் போரிலேயே விழுந்துவிட்டது. அமெரிக்கா சும்மா இருந்திருந்தாலும் 1870க்குள் கடைசிப் பிரெஞ்சுச் சிப்பாயும் ஊருக்குக் கூப்பிடப்பட்டிருப்பார். எனவே பிழைக்கும் மெக்சிகோப் பேரரசு எதுவானாலும் பிரான்ஸ் இல்லாமல் வாழப் பழகிய பேரரசாகத்தான் இருக்க முடியும். அதற்கு அதிகபட்சம் ஐந்தாறு ஆண்டு அவகாசம்.

வெளியிலிருந்து வந்த அரசர் நிலைப்பது நடக்காத காரியமா என்றால், இல்லை. 1866இல், மாக்சிமிலியன் தள்ளாடிய அதே ஆண்டில், ருமேனியாவுக்கு ஹோஹென்சோலர்ன் குடும்பத்து இளவரசர் கரோல் போனார். அவருக்கும் அதே மூன்றாம் நெப்போலியனின் நல்லெண்ணம் இருந்தது. ஆனால் ஒரு பிரெஞ்சுச் சிப்பாய்கூட உடன் போகவில்லை. பொய்ப் பெயரில், ரயிலில் இரண்டாம் வகுப்பில் ஆஸ்திரியா வழியாகப் போய்ச் சேர்ந்தார். அழைத்தவர்கள் அங்கே ஏற்கெனவே அதிகாரத்தில் இருந்த அரசியல்வாதிகள், நாடாளுமன்றம் இருந்தது, 1877இல் துருக்கியோடு நடந்த போரில் ருமேனியப் படையை அவரே நடத்தி நாட்டின் விடுதலையோடு தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். 1914இல் சாகும் வரை ஆண்டார். கார்லோட்டாவின் தந்தை லியோபோல்டும் பெல்ஜியத்துக்கு வெளியிலிருந்து வந்த அரசர்தான். அரசியல் சாசனத்தை ஏற்று, அதற்குள்ளேயே நின்று, 1865 டிசம்பரில் இறக்கும் வரை ஆண்டவர்.

எதிர் உதாரணம் கிரேக்கம். பவேரியாவின் ஓட்டோ 1833இல் சுமார் 3,500 பவேரியச் சிப்பாய்களோடும், மூன்று வல்லரசுகள் உத்தரவாதம் தந்த 6 கோடி பிராங்க் கடனோடும் வந்து இறங்கினார். கடன் கழுத்தை நெரித்தது. 1843இல் ராணுவமும் மக்களும் அரண்மனை வாசலில் நின்று சாசனம் கேட்டார்கள், கொடுத்தார். அதனால் இன்னும் 19 ஆண்டு தாக்குப்பிடித்தார். மாக்சிமிலியனுக்கு எட்டியிருக்கக்கூடிய முன்மாதிரி இதுதான்.

சரி, அந்தக் குறுகல் வழியில் நடந்து பார்ப்போம். இனி வருவது கற்பனை.

1864 ஏப்ரலில் மிராமாரில் அவர் பேனாவை எடுக்குமுன் கணக்கர் ஒருவரைக் கூப்பிடுகிறார். 27 கோடியை ஏற்க மறுக்கிறார். நெப்போலியனுக்கும் வேறு இளவரசர் கையில் இல்லை, பேரம் பேச இடம் இருக்கிறது. படையெடுப்புச் செலவைப் பிரான்ஸே ஏற்கிறது, அல்லது இருபது ஆண்டு தள்ளிப் போடுகிறது. வெராக்ரூஸ் சுங்கம் அவர் கையில் நிற்கிறது. அந்தப் பணத்தில் மிராமோனும் மெஹியாவும் உராகாவும் சேர்ந்து முப்பதாயிரம் பேர் கொண்ட மெக்சிகோப் படையைக் கட்டுகிறார்கள். அரசவைக் கையேட்டுக்குப் பதில் 1865இல் ஒரு சாசன சபை கூடுகிறது. அந்த ஆண்டுக் கடைசியில் ஹுவாரெஸின் பதவிக்காலம் முடிகிறது. நிஜத்தில் அதை அவர் தானே நீட்டித்துக்கொண்டார். கொன்சாலெஸ் ஒர்தேகா போன்ற சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்தார்கள். குடியரசுத் தரப்பின் பலவீனமான நேரம் அதுதான். அப்போது சுட்டுத்தள்ளும் ஆணைக்குப் பதில் பொதுமன்னிப்பும் பதவிகளும் அறிவிக்கப்படுகின்றன. வடக்கே ஹுவாரெஸ் தொடர்ந்து எதிர்க்கிறார். ஆனால் அவருடைய தளபதிகளில் பாதிப்பேர் ஊர் திரும்புகிறார்கள். 1867இல் பிரெஞ்சுப் படை போகும்போது மத்திய மெக்சிகோ விழவில்லை.

நிஜத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1866 ஜூனில் மத்தாமோரோஸ் துறைமுகம் போனது. அதோடு அதன் சுங்கமும். ஜூலையில், ஏற்கெனவே வற்றிய கஜானாவிலிருந்து வெராக்ரூஸ், தாம்பிகோ சுங்க வருமானத்தில் பாதியைப் பிரான்ஸுக்கு எழுதிக் கொடுக்க வைத்தார்கள். கார்லோட்டா ஐரோப்பாவுக்கு ஓடினார். பாரிஸில் நெப்போலியனிடம் கெஞ்சினார், ரோமில் போப்பிடம் போனார். யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற பயத்தில் அங்கேயே மனம் குலைந்தார். மாக்சிமிலியன் அக்டோபரில் ஒரிசாபாவரை வந்தார். பெட்டிகள் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தன. முடி துறப்பதா வேண்டாமா என்று ஆலோசகர்களைக் கேட்டார். வேண்டாம் என்றார்கள். திரும்பிப் போனார்.

கற்பனையிலும் அந்த நாடு சொர்க்கமாக இருந்திருக்காது. பண்ணையார்களை நம்பி நிற்கும் அரசர், கிராமங்களுக்கு நிலம் தரும் சட்டத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருப்பார்? தடுமாறித்தான் இருப்பார். ஆனால் சட்டப் புத்தகத்தில் அந்த உரிமை இருப்பது ஒன்று, இல்லாமலே போவது இன்னொன்று. நிஜத்தில் மெக்சிகோ 1876இலிருந்து போர்ஃபிரியோ தியாஸிடம் போனது. 1867இல் புவேப்லாவை மீட்டு, பேரரசை வீழ்த்திய அதே தளபதி. இடையில் நான்கு ஆண்டு தவிர 1911 வரை அவரே தலைவர். அவர் வந்தபோது சுமார் 640 கிலோமீட்டராக இருந்த ரயில் பாதை 1910இல் 19,000 கிலோமீட்டரைத் தாண்டியது. அதே காலத்தில் கிராமப் பொது நிலங்கள் பண்ணைகளுக்குள் மறைந்தன. வெளிநாட்டு முதலீடு, ஒரே ஆள் ஆட்சி, சாபுல்தெபெக் மலை அரண்மனையில் வாசம். மகுடம் இல்லாத முடியாட்சி என்று அதைச் சொன்னால் தவறில்லை. அந்த நிலக்கோபம்தான் 1910இல் புரட்சியாக வெடித்தது. மாக்சிமிலியன் உயிரோடு இருந்திருந்தால் அப்போது அவருக்கு 78 வயது.

அவருக்குப் பின் யார் என்பது அடுத்த சிக்கல். குழந்தை இல்லை. 1865இல் முதல் பேரரசர் இதுர்பிதேயின் பேரன், இரண்டு வயது அகுஸ்தினைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். தாய் அலிஸ் கிரீன் வாஷிங்டன்காரர். உதவித்தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட சில நாளிலேயே மகனைத் திருப்பிக் கேட்டு அழுதார். அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். பாரிஸுக்குப் போய் நெப்போலியனிடமும், அமெரிக்க அதிகாரிகளிடமும் முறையிட்டார். ஆட்சி சரியும் நேரத்தில்தான் பிள்ளை அவர் கைக்குத் திரும்பியது.

கார்லோட்டா மனம் தெளியாமலே பெல்ஜியத்தில் 1927 ஜனவரி வரை வாழ்ந்தார். அரியணை பிழைத்திருந்தால் அதில் ஏறியிருக்க வேண்டிய அகுஸ்தின் வளர்ந்து மெக்சிகோக் குடியரசின் ராணுவத்திலேயே அதிகாரியானார். தியாஸை விமர்சித்ததற்காக 1890இல் சிறைக்குப் போனார். பிறகு நாட்டை விட்டு வெளியேறி, தாயின் ஊரான வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியமும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1925இல் அங்கேயே இறந்தார்.